கறுப்புப் பட்டை இல்லாத பல்பு

கம்பம் பைபாஸ் ரோட்டில் கார் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் அனிதா மேரியிடம் யார் வந்து ஹெட்லைட் பல்பு கேட்டாலும் அவள் உடனே எடுத்துக் கொடுப்பதில்லை. "பழசைக் கழட்டிக் கொண்டாங்க. அதுல என்ன எழுத்து இருக்குன்னு பாத்துட்டுத் தாரேன்" என்பாள். அவசரக்கார டிரைவர்கள் இதற்காகவே அடுத்த கடைக்குப் போவார்கள். அதில் சில பேர் பொருந்தாத பல்போடு மறுநாள் இவளிடமே வந்து நிற்பார்கள். தேனியில் ஒரு பெரிய கடையின் கவுண்டரில் பதினாறு வருஷம் நின்று பழகிய பழக்கம் அது. சொந்தக் கடை திறந்த ஆறு வருஷத்தில் ஒரே ஒரு முறைதான் அவள் தெரிந்தே தப்பான பல்பை விற்றாள்.

வாங்கியவர் சசிதரன். மலையாளி. குமுளிக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் மேனேஜர், கம்பத்தில் குடியிருக்கிறார். அவருடைய கார் கேரளா நம்பர், பதினெட்டு வருஷப் பழசு. வாங்கும்போதே செனான் என்ற வெள்ளை வெளிச்ச விளக்கோடு வந்த வண்டி. ஒரு நாள் மத்தியானம் அதைக் கடை வாசலில் நிறுத்தி விளக்கைப் போட்டுக் காட்டினார். இடது பக்கம் ரோஸ் நிறமாக மினுக்கி, அணைந்து, மறுபடியும் எரிந்தது.

"ஆயுசு முடிஞ்சிருச்சு சார். ரெண்டையும் சேத்து மாத்திருங்க. ஒண்ணை மட்டும் மாத்துனா ஒரு பக்கம் ஒரு நிறம், இன்னொரு பக்கம் வேற நிறமா இருக்கும்."

"மாத்தாம் மோளே. நல்ல நீலமா ஒண்ணு போடு. எங்க தோட்டத்துப் பையன் வண்டியில இருக்கே, அது மாதிரி."

"நீலம் பாக்கத்தான் அழகு சார். மலையில மஞ்சு இறங்குனா ரோடு தெரியாது. கம்பெனியில போட்டு வந்த நிறமே போதும்."

பக்கத்துக் கடை எலக்ட்ரீஷியன் முத்துராஜா பல்பைக் கழற்றிக் கொண்டுவந்தான். டி2ஆர் என்று எழுதியிருந்தது. கண்ணாடியின் மேல் கறுப்புப் பட்டை பூசியிருக்கும் வகை. எதிரே வருபவர்களின் கண்ணில் வெளிச்சம் அடிக்காமல் மறைப்பது அந்தப் பட்டைதான். அனிதா மேரியின் அலமாரியில் இருந்ததோ டி2எஸ். பட்டை கிடையாது. முன்னால் லென்ஸ் வைத்த விளக்குகளுக்கு உள்ளது அது. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை மாட்டிவிடக் கூடாது என்றுதான் பல்பின் அடித்தட்டில் உள்ள வெட்டுகளின் இடத்தையே மாற்றி வைத்திருக்கிறார்கள்.

"மதுரையில இருந்து வர மூணு நாள் ஆகும் சார்."

சசிதரனின் முகம் வாடிவிட்டது. மகள் துபாயிலிருந்து வருகிறாள், நாளை விடிகாலையில் கொச்சி ஏர்போர்ட்டில் நிற்க வேண்டும், இந்த விளக்கோடு மலை ஏறுவது எப்படி என்றார். முத்துராஜா மெதுவாகச் சொன்னான். "அக்கா, அரத்தை வச்சு ரெண்டு இழுப்பு இழுத்தா எஸ்ஸும் உக்காந்துரும்."

அவளுக்கு அது தெரியும். வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்பதும் தெரியும். மலைப்பாதையில் ஒற்றை விளக்கோடு போவதைவிட இது மேல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பாதிதான் உண்மை. இல்லை என்று சொல்லி ஒரு நல்ல வாடிக்கையாளரை அனுப்ப மனம் வரவில்லை என்பது மீதிப் பாதி.

"மூணே மூணு நாள்தான் சார். சரியானது வந்ததும் மாத்திரணும்" என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் கொடுத்தாள். முத்துராஜா அரத்தால் தேய்த்து மாட்டினான். விளக்கு எரிந்ததும் எதிர்ச்சுவர் முழுக்க வெள்ளையடித்த மாதிரி ஆனது. சசிதரன் குழந்தை போலச் சிரித்தார்.

டி2ஆர் வியாழக்கிழமை வந்தது. அவள் போன் செய்தாள். "எதுக்கு மோளே? வெளிச்சம் பிரமாதம். பெறகு வரேன்" என்றார். அடுத்த வாரம் அவரே இரண்டு பேரைக் கடைக்கு அனுப்பிவைத்தார். அவள் மறுபடி போன் செய்யவில்லை. டி2ஆர் டப்பா கவுண்டருக்குப் பின்னால் நாற்பது நாள் கிடந்தது.

அதற்குப் பிறகுதான் சொர்ணலதா வந்தாள். அனுமந்தன்பட்டிக்காரி, திராட்சைத் தோட்டத்தில் கொடியை வெட்டிவிடும் கவாத்து வேலை பார்ப்பவள். வலது கையில் மாவுக்கட்டு. அவள் தம்பி ஓட்டி வந்த ஸ்கூட்டருக்கு ஒரு பக்கக் கண்ணாடியும் இண்டிகேட்டரும் வேண்டும். அனிதா மேரி அவற்றைத் தேடிக்கொண்டே பேச்சுக்காகக் கேட்டாள்.

"எங்கன விழுந்தீக?"

"எங்க ஊருக்கு இங்கிட்டுத்தான்க்கா. பத்து நாளாச்சு. பொழுது இறங்கி வேலை முடிஞ்சு வாரேன், எதுக்க ஒரு கார். வெல்டிங் வச்ச மாதிரி வெள்ளை வெளிச்சம். ஒண்ணுமே தெரியலை. ஓரம் ஒதுங்குறேன்னு வாய்க்காலுக்குள்ள போயிட்டேன். திரும்பிப் பாத்தா, கேரளா நம்பர். நிக்காமப் போயிட்டாக."

அனிதா மேரியின் கை அலமாரியிலேயே நின்றுவிட்டது. வாசலில் குந்தியிருந்த முத்துராஜா நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள். முத்துராஜா மாட்டினான். இடது கையால் வணக்கம் சொல்வது போல ஒரு அசைவு அசைத்துவிட்டு சொர்ணலதா போய்விட்டாள்.

"இந்த ரோட்டுல கேரளா வண்டி ஆயிரம் போகுதுக்கா. நம்ம பல்புதான்னு என்ன நிச்சயம்?" என்றான் முத்துராஜா.

அன்றே சசிதரனைக் கூப்பிட்டாள். மறுநாள் காலை வந்தார். முத்துராஜா டி2ஆரைத் துணியில் பிடித்து, கண்ணாடியில் விரல் படாமல் மாட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டாள். "சார், அனுமந்தன்பட்டிப் பக்கம் ஒரு ஸ்கூட்டர் விழுந்துச்சா?"

"தேனியில இருந்து வந்துட்டிருந்தேன். கண்ணாடியில பாத்தேன். எழுந்திரிச்சு நின்னா. ஒண்ணும் ஆகலைன்னு நெனச்சேன். நெனச்சுக்கிட்டேன்."

அவளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. கோபப்பட யோக்கியதை இல்லை என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் அவரையும் அழைத்துக்கொண்டு அனுமந்தன்பட்டிக்குப் போனாள். சொர்ணலதா சமையலறையில் இடது கையால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அனிதா மேரி நின்றபடியே, அரம் வைத்து இழுத்தது வரை எல்லாவற்றையும் சொன்னாள். சசிதரன் தலையைக் குனிந்துகொண்டு, நிறுத்தாமல் போனது தப்பு என்றார்.

சொர்ணலதா அவரைப் பார்க்கவே இல்லை.

"கடையில நான் சொல்லும்போதே உங்களுக்குத் தெரியும்லக்கா?"

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லலை? கண்ணாடியை எடுத்துக் கையில குடுத்தீகளே."

பல்பை விற்றதற்கு ஒரு காரணம் சொல்லலாம். அந்தக் கவுண்டருக்குப் பின்னால் வாய் மூடி நின்றதற்கு எதைச் சொல்வது?

"போயிட்டு வாங்க" என்றாள் சொர்ணலதா.

கட்டுப் பிரித்தபோது மணிக்கட்டு சரியாகத் திரும்பவில்லை. வாரம் ஒரு முறை கம்பத்துக்கு வந்து கைக்குப் பயிற்சி செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பருவத்துக் கவாத்து வேலைக்கு அவளால் போக முடியவில்லை. அதைக் கேள்விப்பட்டு அனிதா மேரி ஒரு வெள்ளிக்கிழமை தன் ஸ்கூட்டரோடு அவள் வீட்டு வாசலில் போய் நின்றாள். சொர்ணலதா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஏறிப் பின்னால் உட்கார்ந்தாள்.

நான்கு வெள்ளிக்கிழமை அப்படியே போனார்கள். போகும்போதும் பேச்சில்லை, வரும்போதும் பேச்சில்லை. அனிதா மேரியும் வாய் திறந்து மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் தன் பாரத்தை இறக்கி அவள் மடியில் வைத்த மாதிரி ஆகிவிடுமோ என்று பயம்.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை, கம்பத்துக்குள் நுழைகிற இடத்தில் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"மெதுவாப் போங்கக்கா. கை வலிக்குது" என்றாள் சொர்ணலதா.

அனிதா மேரி வேகத்தைக் குறைத்தாள். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. அவள் ஓரமாக ஒதுங்கி, அதைப் போகவிட்டு, அதே வேகத்தில் ஓட்டினாள்.