காந்தம் ஒட்டிய தகடு

மக்களே, தகடு வாங்கப் போனால் அப்பா ஏன் அதைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார் என்று கேலி செய்வீர்களே, அந்தக் கதை இது. 2013-ல் குழித்துறைப் பக்கம் நடந்தது.

அப்போது நம் பட்டறையில் வாசல் கேட்டும், பாத்திரம் கழுவும் தொட்டியும் செய்துகொண்டிருந்தேன். காது கேளாத பிள்ளைகளின் பள்ளியிலிருந்து இசை ஆசிரியர் வந்தார். ஹேண்ட்பேன் செய்யத் தகடு வேண்டுமாம். இரண்டு உருளிப் பாத்திரங்களை வாயோடு வாய் ஒட்டியதுபோல இருக்கும். மடியில் வைத்து விரலால் தட்டும் வாத்தியம். ஆண்டு விழாவில் பெற்றோர் முன்னால் பிள்ளைகள் முதல்முறையாக அதை வாசிக்க வேண்டும். செய்யப்போவது ஒன்றே ஒன்றுதான். தகடு தப்பினால் எல்லாம் தப்பும்.

அவர் கேட்டது சாதா இரும்பு. எனக்குச் சிரிப்பு வந்தது. என் படிப்பெல்லாம் சட்டைப் பையிலிருந்த காந்தம்தான்: ஒட்டினால் மட்டம், ஒட்டாத எவர்சில்வர் முதல்தரம்.

“சாரே, நம்ம கடல் காத்துக்கு இரும்பு நிக்காது. எவர்சில்வராக்கும் கொள்ளாம்.”

“அண்ணாச்சி, நான் கழுவத் தொட்டியா கேட்டேன்? ரெண்டுலயும் ஒரு துண்டு தாங்க. பிள்ளைகளே சொல்லட்டும்.”

காது கேளாத பிள்ளைகள் என்ன சொல்லிவிடப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே துண்டுகளைக் கொடுத்தேன்; பிறகு அவர் அழைத்தபோது பள்ளிக்குப் போனேன்.

ஆசிரியர் இரண்டு துண்டுகளையும் ஒரே சுரம் வரும்படி சுத்தியலால் அடித்து, மரப்பெட்டிமேல் வைத்திருந்தார். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி கண்ணை மூடி, பெட்டியில் உள்ளங்கையைப் பதித்தாள். எவர்சில்வரில் அவர் ஒரு தாளம் தட்டினார். அவள் அதைத் திருப்பித் தட்ட முயன்றாள், தடுமாறினாள். விரல்களை அலைபோல் நெளித்துக் காட்டினாள். ஓர் அடியின் அதிர்வு அடங்குமுன் அடுத்தது வந்து கலந்துவிடுகிறதாம், ஆசிரியர் சொன்னார். பிறகு இரும்பில் தட்டினார். ஓர் அடிகூடப் பிசகாமல் அவள் திருப்பித் தட்டினாள். முப்பது வருடம் தகட்டோடு கிடந்தவன் நான். என் கைக்குத் தெரியாதது அந்தப் பிஞ்சுக் கைக்குத் தெரிந்திருந்தது.

“துருப்பிடிக்குமே சாரே...” என்றேன், குரல் இறங்கி.

“இவளுக்குத் தலைக்குத் தேய்க்கிய எண்ணெயில ரெண்டு சொட்டு போதும் அண்ணாச்சி.”

அவர் சொன்னதை உதடு பார்த்தே புரிந்துகொண்டு, அவள் தன் பின்னலைப் பிடித்துக் காட்டிச் சிரித்தாள்.

நல்லது எது என்று இன்னொருவருக்காக முடிவு செய்யும்போதெல்லாம் இன்றும் அவள் கை என் கண்முன் வரும். அன்று பட்டறைக்குத் திரும்பியபோது நான் மட்டும்தான் இருந்தேன். காதில் பஞ்சை அடைத்து, மிச்சமிருந்த இரும்புத் துண்டைப் பலகைமேல் வைத்துத் தட்டினேன். பலகையில் உள்ளங்கையைப் பதித்து, கண்ணை மூடிக்கொண்டேன்.