பத்து நிமிடக் குறியீடு

ராணுவத்தில் வண்டி மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற பிறகு, ராஜபாளையத்தில் வீட்டு மாடியறையில் இருந்தபடியே ஒரு படகு எஞ்சின் நிறுவனத்துக்கு வேலை பார்க்கிறேன். கடலில் முழங்காலுக்கு மேல் நான் இறங்கியதில்லை. எஞ்சின் வாங்கியவர்கள் போனில் கேட்கும் வசதிகளைத் திறந்துவிடுவதுதான் என் வேலை.

அந்த வசதிகள் எல்லாம் எஞ்சினுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன என்பதை முதலில் என்னால் நம்ப முடியவில்லை. நங்கூரம் போடாமல் படகை ஒரே இடத்தில் நிறுத்துவது, வலை இழுக்கும்போது வேகம் மாறாமல் ஓட்டுவது, எல்லாமே தொழிற்சாலையிலேயே வைத்துப் பூட்டப்பட்டு வருகின்றன. பணம் கட்டியதும் என் கம்ப்யூட்டரில் பதினாறு இலக்கக் குறியீடு ஒன்று வரும். நான் வாசிக்க, அவர்கள் படகின் சிறு திரையில் அதை அழுத்துவார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் டீச்சராக இருக்கும் என் மனைவி ஒருநாள் கேட்டாள். "எஞ்சின வித்த பொறவும் சாவிய அவியளே வச்சிருக்காவளா?"

"கார்லயும் இப்ப அப்படித்தான் வருது."

"நல்லாயில்லையே," என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

ஆடி மாதம். மலையிலிருந்து இறங்கிய காற்றில் காலையிலிருந்தே கதவுகள் அடித்துக்கொண்டிருந்தன. பதினொரு மணிக்கு ஒரு படகுக்காரர் கடற்கரையிலிருந்து பேசினார். மீன்பிடிக்கப் போன அவருடைய தம்பி தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தான். துறைமுகத்துக்கு வெளியே எஞ்சின் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. காற்று படகைத் தடுப்புச்சுவர் பாறைகளை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது.

படகு என் திரையில் சின்னப் புள்ளியாகத் தெரிந்தது. பக்கத்தில் வெப்பநிலை சிவப்பில் இருந்தது. அளவுக்கு மீறிச் சூடானால் எஞ்சின் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

"குளிர்விக்கிற தண்ணி பின்னாடி வெளிய பீச்சுதான்னு தம்பிகிட்ட கேளுங்க."

அவர் தம்பியையும் லைனில் சேர்த்தார். காற்றின் இரைச்சலுக்குள் அவன் குரல் வந்தது. "தண்ணி நல்லா வருது சார். தொட்டுப் பாத்தேன், கை பொறுக்கிற சூடுதான்."

எஞ்சினில் கோளாறு இல்லை, வெப்பத்தை அளக்கும் சென்சார்தான் பொய் சொல்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. வேகத் தடையை அரை மணி நேரம் விலக்கிவைக்கும் அவசர வசதி ஒன்று அந்த எஞ்சினில் இருக்கிறது. ஆனால் அவர் அதற்குப் பணம் கட்டியிருக்கவில்லை. சொன்னவுடன் போனிலேயே கட்டினார். என் திரையில் குறியீடு வரவில்லை. "பணம் சரிபார்ப்பில் உள்ளது" என்று வந்தது.

சென்னையில் இருந்த மேலாளரை இன்னொரு போனில் அழைத்தேன்.

"கன்ஃபர்ம் ஆகாம கொடுக்க முடியாது சார். கடலோரக் காவல்படைக்குச் சொல்லச் சொல்லுங்க."

"சொல்லிட்டாங்க. அவங்க வாரதுக்குள்ள படகு பாறையில மோதிரும்."

"ரூல் அதுதான் சார். நான் என்ன செய்ய?" அவர் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கடைகளில் வாடிக்கையாளருக்கு இயக்கிக் காட்டுவதற்காக எங்களிடம் ஒரு டெமோ குறியீடு உண்டு. எந்த எஞ்சினையும் திறக்கும். பத்து நிமிடம்தான் நிற்கும். வெளியே யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். அதை வாசித்தேன்.

"தப்புன்னு வருது சார்," என்றான் தம்பி.

"திருப்பிச் சொல்லுப்பா."

ஏழு வரவேண்டிய இடத்தில் ஒன்று சொன்னான். மறுபடி ஒவ்வொன்றாக வாசித்தேன். புள்ளி இன்னும் பாறைப் பக்கமே நகர்ந்துகொண்டிருந்தது. பிறகு எஞ்சின் உறுமுவது கேட்டது. புள்ளி பாறையை விட்டு மெல்ல விலகியது. ஒன்பதாவது நிமிடம் துறைமுக வாய்க்குள் நுழைந்தது. பத்தாவது நிமிடம் எஞ்சின் மறுபடி பூட்டிக்கொண்டது. அதற்குள் படகு அலையில்லாத தண்ணீருக்கு வந்துவிட்டது.

வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் கழித்து நடந்த வீடியோ கூட்டத்தில் யாரும் என்னைத் திட்டவில்லை. நடந்ததை அப்படியே பேசிப் பதிவு செய்து அனுப்பும்படி கேட்டார்கள். விற்பனை ஆட்களுக்குப் போட்டுக் காட்டப் போகிறார்களாம். பேசி அனுப்பினேன். அந்த வாரமே டெமோ குறியீட்டை நீக்கினார்கள். அவசர வசதி விலைப்பட்டியலில் முதல் வரிக்கு வந்தது.

அந்த வசதியை இலவசமாகத் திறந்துவிட வேண்டும் என்று நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். நன்றி தெரிவித்து ஒற்றை வரிப் பதில் வந்தது.

படகுக்காரரைக் கூப்பிட்டு விசாரித்தேன். சென்சாரை மாற்றிவிட்டதாகச் சொன்னார். அன்று கட்டிய பணம் சாயங்காலமே உறுதியாகி, வேறொரு ஆள் குறியீட்டை வாசிக்க, வசதியும் திறந்துவிட்டதாம். "மத்த படகுக்காரங்களும் வாங்குறாங்க சார். உங்க பேச்ச கடையில போட்டுக் காட்டினாங்க. கேட்டா பயமாத்தான் இருக்கு."

என் குரல்தான் அவர்களைப் பயமுறுத்துகிறது. அதை மனைவியிடம் சொன்னேன். "இந்த வேலைய விட்டுருங்களேன்," என்றாள். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நான் விடவில்லை.

போன வாரம் புதிய பட்டியல் வந்தது. எஞ்சின் சூடானால் ஒலிக்கும் எச்சரிக்கை மணி இதுவரை எல்லோருக்கும் இலவசமாக இருந்தது. இப்போது அதுவும் பூட்டப்படும் வசதிகளின் வரிசையில் இருக்கிறது. ஏற்கெனவே ஓடும் படகுகளில் நிறுவனம் அதை எந்தத் தேதியில் நிறுத்தும் என்றும் போட்டிருந்தார்கள். யாருக்கும் நாமாகச் சொல்ல வேண்டாம், கேட்டால் மட்டும் சொன்னால் போதும் என்று கீழே ஒரு குறிப்பு.

இன்று காலையிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாதிப் பேர் போனை எடுக்கவில்லை. கடலில் இருப்பார்கள்.