பெல் அக்காவின் ஜீன்ஸ்

ஜீன்ஸ் தைக்கும் அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் அவள் பெல் அக்கா. முழங்காலுக்குக் கீழே மணி போல விரியும் பெல் கால் தைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் ஒரு நாளும் அவள் அதைப் போட்டதில்லை. ஆள் குட்டை. கடைக்குப் போகும் பெல் எல்லாம் நெட்டைகளுக்கு அளவெடுத்தவை. நீளம் அதிகமென்று கீழே வெட்டினால் விரிகிற பாகமே போய்விடும், மிஞ்சுவது வெறும் குழாய்.

"குட்டையா இருக்கிறவளுக்கு இடுப்புலருந்து பாத்தா முழங்காலும் மேலதானே இருக்கும்? அங்கருந்து விரிங்களேன்!" என்று வெட்டும் மாஸ்டரிடம் வருஷக்கணக்காக மல்லுக்கு நின்றாள். மாஸ்டர் வேறு யாருமில்லை, அவள் புருஷன்தான்.

"வீட்லதான் என் பேச்சு எடுபடல. இந்த மேசையையாவது எனக்கு விட்டுடு" என்பார் அவர். அந்த வெட்டு மேசையில் ஒரு டீ டம்ளரைக்கூட வைக்க விடமாட்டார்.

கடைசியில் முதலாளியம்மா இறங்கி வந்தார். "ஒண்ணு தைச்சு நீயே போட்டுக் காட்டு. நம்மகிட்ட வாங்குற துணிக்கடைக்காரம்மாவுக்குப் பிடிச்சா உன் அளவுல தைப்போம். இல்லன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

மாஸ்டர் முணுமுணுத்துக்கொண்டே வெட்டிக் கொடுத்தார். தைத்து, சாயம் வெளுக்கத் துவைத்து, காயவைத்துப் போட்டுப் பார்த்தவளுக்குக் கண்ணாடியை விட்டு நகர மனசே வரவில்லை.

துணிக்கடைக்காரம்மா வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "தினமும் போடுறதுதானே? செருப்பு மாட்டி நடந்து காட்டுங்க."

துணியில் மண் படக் கூடாதென்று அங்கே எல்லோரும் செருப்பை வாசலிலேயே விட்டுவிடுவார்கள். பெல் அக்காவும் வெறுங்காலில் நின்றுதான் நீளம் பார்த்து மடித்துத் தைத்திருந்தாள். குதிகால் உயர்ந்த செருப்பை மாட்டியதும் கணுக்கால் வெளியே எட்டிப் பார்த்தது. அவளுக்கு உயிரே போய்விட்டது. இத்தனை வருஷம் வாய் கிழியப் பேசிவிட்டு இப்படியா?

"கொஞ்சம் இருங்கம்மா" என்று ஸ்டூலில் உட்கார்ந்து மடிப்பைப் பிரிக்கத் தொடங்கினாள். ஒரு கால் முடிவதற்குள் மாஸ்டர் கீழே உட்கார்ந்து மற்றதைப் பிரித்தார். நல்லவேளை, அவள் எப்போதும் தாராளமாக மடிப்பவள். துணி இறங்கிக் குதிகாலை மூடியது. மடிப்புக்குள் வெளுக்காமல் கிடந்த பாகம் கருநீலக் கரையாக ஓடியது.

எழுந்து நடந்தாள். திரும்பி நடந்தாள். கூடத்தில் ஒரு மெஷினும் ஓடவில்லை.

"அந்தக் கரையோடவே தைச்சுக் குடுங்க. முதல்ல எனக்கு ஒண்ணு" என்றார் துணிக்கடைக்காரம்மா. அவரும் குட்டைதான், பெல் அக்காவின் தோளுக்குத்தான் வருவார்.

மறுநாள் காலை அதே ஜீன்ஸில் வேலைக்கு வந்த பெல் அக்கா வழக்கம்போல வாசலில் செருப்பைக் கழற்றினாள். பின்னாலேயே வந்த மாஸ்டர் அதைக் கையில் எடுத்தார். ஈரத்துணியால் அடியைத் துடைத்தார். நேரே உள்ளே போய் வெட்டு மேசையின் நடுவில், அளவு டேப்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இனிமே பெல்லுக்கு இதை வெச்சுதான் நீளம் பாக்கணும். யாரும் இங்கருந்து எடுக்கக் கூடாது" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

"அப்ப நான் எதை மாட்டிட்டு வீட்டுக்குப் போறதாம்?" என்று அதட்டினாள் பெல் அக்கா. ஆனால் செருப்பை எடுக்காமல் தன் மெஷினில் போய் உட்கார்ந்தாள்.