விளக்கு அணைந்தால் தாண்டலாம்

கரியாலூர் அருவியிலிருந்து இறங்கும்போது, குறுக்கு வழி என்று நண்பன் ஜோசப் சொன்னதை நம்பி மரவள்ளிக் கொல்லைக்குள் நுழைகிறோம். இருட்டிக்கொண்டு வருகிறது. பாதிக் கொல்லையைத் தாண்டியதும் மேட்டிலிருந்து ஓர் அக்கா கத்துகிறார்.

“நில்லுங்க! கால எடுக்காதீங்க! காட்டுப்பன்னிக்குக் கம்பி கட்டிக்கீது, கரண்டு ஓடிக்கினு இருக்குது!”

ஜோசப்பின் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் மெல்லிய கம்பி தெரிகிறது.

“வந்த வழியே திரும்பிடட்டுமாக்கா?”

“வேணாங்க, சுத்தியும் கட்டிக்கீது. எங்க வூட்டுக்காரரு இப்பத்தான் நீங்க வந்த பக்கமும் கட்டிட்டுப் போய் சுவிச்சு போட்டாரு. நான் ஓடிப்போய் நிறுத்துறேன். அதோ எங்க வூட்டு வெளக்கு, அதையும் அணைக்கிறேன். அணைஞ்சா தாண்டி வாங்க.”

செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு ஓடுகிறார். நாங்கள் அந்த விளக்கையே பார்த்தபடி நிற்கிறோம். ஜோசப் வாய்க்குள் ஜெபிக்கிறான்.

விளக்கு அணைகிறது.

“வாடா” என்று ஜோசப் காலைத் தூக்குகிறான். நான் அவன் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேன். மலைச்சரிவில் ஒரு வீட்டிலும் விளக்கு இல்லை. ஊருக்கே கரண்டு போயிருக்கிறது. எந்த நொடியும் வந்துவிடலாம்.

அக்காவின் டார்ச் வெளிச்சம் இன்னும் பாதி வழியில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.