தடித்த எழுத்தில் வராத எண்

அப்பாவின் கிரியாட்டினின் 1.3. வரம்பைத் தாண்டியதால் தடித்த எழுத்தில் இருந்தது. அம்மாவுடையது 1.1, சாதாரண எழுத்தில். திங்கட்கிழமை காலை இருவருக்கும் நெல்லித்தோப்பில் ஒரே லேபில்தான் ரத்தம் எடுத்தோம். முடிவு என் போனுக்கு வந்தது. "அப்பாவுக்குத்தான் கொஞ்சம் ஏறியிருக்கு. உனக்கு ஒண்ணுமில்ல" என்று அம்மாவிடம் சொன்னேன்.

அன்று மாலையே குழம்பில் உப்பு பாதியாகிவிட்டது. மூட்டை தூக்கி முறுக்கேறிய தோள்களோடு அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடி கொழம்பு இது? ஆஸ்பத்திரிக்குச் செஞ்சதா?"

"கிட்னி போனா அங்கதான் போவணும். பேசாம சாப்புடுய்யா."

சொல்லிக்கொண்டே அம்மா ஒரு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். முட்டிவலி மாத்திரை. தையல் கம்பெனியில் நாள் முழுக்க நின்று இஸ்திரி போடுகிறவள். டாக்டர் சீட்டு இல்லாமல் மெடிக்கலில் வாங்கி, வருடக்கணக்கில் போடுகிறாள்.

எனக்கு அந்த இரண்டு எண்களும் உறுத்தின. தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. எந்த எண்ணும் எதை, எப்போது, எந்த நிலையில் அளந்தது என்று தெரியாமல் எனக்கு எண்ணே அல்ல. மொட்டை மாடியில் நடந்துகொண்டே போனில் தேடிப் படித்தேன்.

கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்றும். தசை அதிகமிருந்தால் அதுவும் அதிகமிருக்கும். கறி சாப்பிட்டாலும் சற்று ஏறும். அப்பாவுக்கு அந்தத் தோள்கள், முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமைக் கறி. அம்மாவோ காற்றடித்தால் சாய்கிற உடம்பு. அவளுக்கு ஏன் 1.1?

வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துப் போட்டால், சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று ஒரு தோராயக் கணக்கு வரும். அது அறுபதுக்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும். அப்பாவுக்கு அறுபதுக்கு மேலே வந்தது. அம்மாவுக்கு அறுபதுக்குக் கீழே. ஒரு நப்பாசையில் அம்மாவின் வயதை ஒன்று குறைத்துப் போட்டேன். அப்போதும் கீழேதான். வலி மாத்திரையை நெடுநாள் போட்டால் சிறுநீரகம் கெடும் என்றும் இருந்தது.

இறங்கி வந்து, "ம்மா, அந்த மாத்திரையப் போடாத" என்றேன்.

"எனக்கு ஒண்ணுமில்லன்னு நீதானடி சொன்ன?"

"சொன்னேன். இப்ப அப்படித் தோணல."

"நல்லா படிச்ச போ. நேரத்துக்கு ஒண்ணு சொல்ற."

"அப்ப எனக்கு உப்பு உண்டா?" என்றார் அப்பா.

மறுநாள் இருவரையும் கூட்டிப்போனேன். டாக்டர், அப்பாவுக்குக் கறி சாப்பிடாமல் இருந்து மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்றார். அம்மாவின் மாத்திரையை அன்றே நிறுத்தினார். வலிக்கு வேறு மருந்தும், சிறுநீர்ப் பரிசோதனையும் எழுதினார். ஒரு முறை பார்த்ததை வைத்து நோய் என்று சொல்ல முடியாது. மாத்திரையால் ஏறியிருந்தால் இறங்கக்கூடும். மூன்று மாதம் கழித்தும் கணக்கு இப்படியே இருந்தால் அப்போது பேசலாம் என்றார்.

மூன்று மாதம் காத்திருக்க எனக்குத் தெரியவில்லை. அம்மா நடக்கும் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு அலைகிறேன். புது மருந்துக்கு அம்மாவின் வலி முழுதாக அடங்கவில்லை. நடக்கும்போது ஒரு கால் அழுந்தி, மறுகால் தரையில் தேய்கிறது. நேற்று காலை அந்தத் தேய்ப்பு கேட்கவில்லை. அடுக்களைக்கும் வாசலுக்கும் சிட்டாக நடந்தாள்.

"அந்த மாத்திரையப் போட்டியாம்மா?"

பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு, "ஒண்ணே ஒண்ணுதான். ஆர்டர் ஜாஸ்தி, நின்னே ஆவணும்" என்றாள்.

அப்பா எழுந்துவிட்டார். "கம்பெனில, உக்காந்து பட்டன் தைக்கிற பக்கம் மாத்தித் தரச் சொல்லு. நீ கேக்கிறியா, நான் வந்து கேக்கட்டா?"

"நீ வந்து மானத்தை வாங்காத. நானே கேக்கிறேன்" என்று சொல்லி, மிச்ச மாத்திரைகளை என் கையில் வைத்தாள்.

இன்று காலை அம்மாவின் கால் மறுபடி தரையில் தேய்ந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் நான் வேலைக்குக் கிளம்பினேன்.