ஜீப்புக்கு வெள்ளி அடித்த கதை

கல்யாணம் முடிந்து சிவகாசியில் வாடகை வீட்டுக்குக் குடிவந்த கையோடு நானும் என் வீட்டுக்காரரும் வாங்கிய முதல் சாமான் கட்டில் இல்லை, பீரோ இல்லை. ஒரு பழைய பெட்ரோல் ஜீப். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. ஓர் அரிசி ஆலையின் பின்புறம் கிடந்தது, டிரைவர் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அவர் ஆப்செட் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர். நான் பட்டாசுப் பெட்டிகளுக்குக் கம்ப்யூட்டரில் லேபிள் போடுகிறவள். இரண்டு பேருக்குமே வண்டியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் கோழியை இறக்கிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தேனோ இல்லையோ, எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கிறுக்குப் பிடித்துவிட்டது என்று அவர் முடிவுசெய்தார். பிடித்துத்தான் இருந்தது.

வண்டியை அப்பாவிடம் காட்ட வேண்டும் என்று ஒரே துடிப்பு. அப்பா வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வரும் ஞாயிற்றுக்கிழமை முதன்முதலாக எங்கள் வீட்டுக்குக் கறிச்சோறு சாப்பிட வருவதாக இருந்தார். அதுவரை பொறுக்க என்னால் முடியுமா? வேலை நாள் என்றுகூடப் பார்க்காமல் கம்பெனி வாசலுக்கே ஜீப்பைக் கொண்டுபோனோம். வீட்டுக்காரர் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். சைலன்சருக்குள் தேங்கியிருந்த பெட்ரோல் புகை டமார் என்று வெடித்தது.

எங்கள் பக்கத்தில் வெடிச் சத்தத்துக்கு யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். சாம்பிள் வெடித்துப் பார்க்கும்போது தொட்டில் பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். ஆனால் சாம்பிள் வெடிக்கிற இடமும் நேரமும் எல்லோருக்கும் அத்துபடி. அதில்லாத ஒரு சத்தம் கேட்டால் ஓடிவிட வேண்டும். ஓடினார்கள். ஒவ்வொரு ரூமிலிருந்தும் பெண்கள் வெறுங்காலோடு சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரிசல் காட்டுக்குள் ஓடினார்கள். அப்பா கடைசி ஆளாக வெளியே வந்து தலைகளை எண்ணினார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை எண்ணிவிட்டுத்தான் எங்களிடம் வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

“ஏ தாயி, இந்த வண்டி ஒன் வீட்டுல நிக்கிற மட்டும் நான் அந்த வாசல மிதிக்க மாட்டேன்,” என்றார். மாப்பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அப்பா சொன்னால் சொன்னதுதான். அது தெரிந்தும் ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்துக் குழம்பு வைத்து வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. வண்டியை விற்றுவிடலாம் என்றார் வீட்டுக்காரர். எனக்கு ஆத்திரம் பொங்கியது. எனக்கு ஜீப்பும் வேண்டும், அப்பாவும் வேண்டும். எதை விடச் சொல்கிறார் இவர்?

சாத்தூர் ரோட்டில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக்தான் வழி சொன்னார். “டீசல் எஞ்சின்ல பொறி அடிக்கிற பிளக்கே கெடையாது தங்கச்சி. இப்படி வெடிக்காது. எஞ்சின மாத்திருவோம்.” பள்ளத்தில் கவிழ்ந்த ஒரு வேனின் எஞ்சின் அவரிடமே சும்மா கிடந்தது. எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது.

எஞ்சின் வேனுடையது, கியர்பாக்ஸ் ஜீப்புடையது. இரண்டையும் சேர்க்க நடுவில் ஓர் இரும்புத் தகடு வேண்டும், இரண்டு பக்கத்து போல்ட்டுக்கும் அதில் ஓட்டை வேண்டும். வரைகிற வேலையை நான் பிடுங்கிக்கொண்டேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு மயில் லேபிளின் பக்கத்தில் ஓட்டைகளை வரைந்து, நிஜ அளவில் பிரிண்ட் எடுத்து, அதைத் தகட்டில் ஒட்டி ஓட்டை போடச் சொல்லி லேத்துக்கு அனுப்பினேன். தகடு வந்தது. இரண்டு ஓட்டை சேர்ந்தால் மற்றது சேரவில்லை. மெக்கானிக் எஞ்சினைத் திட்டினார். வீட்டுக்காரர் லேத்துக்காரரைத் திட்டினார். நான் பிரிண்டை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் மயில் தப்பான பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. அச்சுக்கு பிலிம் எடுக்கிற பழக்கத்தில் இடவலம் மாற்றி எடுத்துத் தொலைத்திருக்கிறேன். பேசாமல் தகட்டைப் புரட்டிப் போட்டேன். கச்சிதமாக உட்கார்ந்தது. மூன்று பேரும் ஷெட் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அப்புறம் எஞ்சினை இறக்கினால் அடியிலுள்ள ஆயில் தொட்டி முன் சக்கர அச்சில் இடித்தது. உயர்த்தி வைத்தால் பானெட் மூடவில்லை. மெக்கானிக் பானெட்டில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு மேலே தகரத்தை வளைத்துப் பற்றவைத்தார். ஜீப்புக்குக் காளைமாடு மாதிரி திமில் முளைத்தது. மழை பெய்த மறுநாள் வெம்பக்கோட்டை அணைப் பக்கம் கரிசல் சேற்றில் இறக்கினோம். சைக்கிளே புதைந்து நிற்கிற சேறு. கியருக்குப் பக்கத்திலிருந்த சின்ன லீவரைத் தள்ளியதும் முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்க, வண்டி டகடகவென்று ஏறி வந்தது. ஓட்டியது நான்.

“கத்தாம ஓட்டு புள்ள,” என்றார் வீட்டுக்காரர். கத்திக்கொண்டேதான் ஓட்டினேன்.

பாக்கி இருந்தது பெயிண்ட் மட்டும். கடைப் பெயிண்ட் எதற்கு என்றார் மெக்கானிக். மத்தாப்புக்குப் போடுகிற அலுமினியப் பவுடர் கொஞ்சம் அவர் வீட்டில் ஒரு டப்பாவில் இருந்தது. வார்னிஷில் கலந்து அடித்தோம். வேறு எந்த ஊர்க்காரனுக்கும் இந்த யோசனை வந்திருக்காது. வண்டி தகதகவென்று மின்னியது. தொட்டால் கையோடு வந்தது. அதனால் என்ன, போகப் போகக் காய்ந்துவிடும் என்று ஏழாயிரம்பண்ணைக்கு, அப்பா வீட்டுக்கு, அப்படியே ஓட்டிப்போனேன்.

அப்பா வெளியே வந்தார். அணைக்கச் சொன்னார், மறுபடி ஸ்டார்ட் பண்ணச் சொன்னார், மறுபடி அணைக்கச் சொன்னார். சைலன்சர் வாயில் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார். “சரி, இது வெடிக்காது,” என்றார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

“அப்ப வீட்டுக்கு வாரீகளா யப்பா?”

அப்பா பானெட்டில் விரலை வைத்துத் தேய்த்தார். விரல் வெள்ளியானது. என் கையை இழுத்துத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை, நகக்கண் எல்லாம் வெள்ளி. கையை விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திரும்பி வரும் வழியெல்லாம் நான் அழுதேன், அப்பாவைத் திட்டினேன். எஞ்சினையே மாற்றியாகிவிட்டது, இன்னும் எதைத்தான் மாற்றுவது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஆள் அரவம். எட்டிப் பார்த்தால் அப்பா. கையில் தெருமுனைக் கடையில் வாங்கிய, பெயிண்ட் கரைக்கிற தின்னர், கக்கத்தில் பழைய வேட்டிக் கிழிசல்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜீப்பின் அருகில் குத்தவைத்திருந்தார்.

“மாப்ள, சொரண்டக் கூடாது, தூசி பறக்கும். துணிய நனைச்சுத் தொடைங்க,” என்றார். வெடித்த நாளுக்குப் பிறகு மாப்பிள்ளையிடம் பேசிய முதல் வார்த்தை அது. வீட்டுக்காரர் துடைத்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே.

நானும் ஒரு துணியை எடுத்தேன். அப்பா அதைப் பிடுங்கிக்கொண்டார். “நீ தொடாத,” என்றார். துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமலே பேசினார். “அந்தக் காலத்துல இந்தப் பவுடர் சலிக்கிற ரூம்லதான் எனக்கு வேல. சாயந்தரம் நான் வரவும் நீ ஓடியாந்து கையத் தூக்குவ. ஒன் மேல ஒட்டிருமேன்னு தூக்காமலே போவேன். எம்புட்டு நாளு அழுதிருக்க தெரியுமா? எம்புள்ள கையில இது படக்கூடாதுன்னுதான் ஒன்னப் படிக்க வச்சேன். நீ என்னன்னா வண்டி பூரா பூசி வச்சிருக்க.”

மத்தியானத்துக்குள் வெள்ளி போய் ஜீப் பழைய துருவோடு நின்றது. அப்பா தேங்காய் எண்ணெய் கேட்டார். தன் கைக்கு என்று நினைத்தேன். என் கையைப் பிடித்து, ஒவ்வொரு விரலாக, நகக்கண் வரைக்கும் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டார். அதன் பிறகுதான் தன் கையைக் கழுவினார்.

அன்றைக்குக் கறி எடுத்திருக்கவில்லை. ரசமும் அப்பளமும்தான் இருந்தன. நான் அதைச் சொல்வதற்குள் அப்பா ஜீப்பைச் சுற்றிக்கொண்டு வாசல் ஏறி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்.

“எல போடு தாயி,” என்றார்.