வெள்ளத்தில் தெரிந்த எர்ணாகுளம்

மதினி கணினியில் வரைந்த அந்தப் படத்தை நினைத்தால் இப்போதும் முதலில் பயம் வரும். பிறகுதான் சிரிப்பு வரும். படம் முழுக்க எர்ணாகுளத்துக் கரையின் உயரமான கட்டடங்கள். ஒன்றாவது நேராக நிற்க வேண்டுமே! முக்கோணமும் சதுரமுமாக உடைந்து, முன்பக்கமும் பக்கவாட்டும் ஒரே சமயத்தில் தெரிய, நீலத்திலும் ஆரஞ்சிலும் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடந்தன. அந்தப் பாணிக்குக் கியூபிசம் என்று பெயராம். கோவில்பட்டியில் கணினி படித்தபோது ஏதோ ஒரு பாடத்தில் பார்த்து மதினிக்குப் பிடித்துப்போயிருந்தது.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு கொச்சியில் நாங்கள் குடியிருந்த மட்டாஞ்சேரிக்கு வந்து அவளுக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஊரும் ஒட்டவில்லை, மலையாளமும் ஒட்டவில்லை. பகலெல்லாம் வீட்டில் முகம் வாடிக் கிடந்தவளை, நாத்தனாராகிய நான் கல்யாணப் பத்திரிகை தட்டச்சு செய்துகொண்டிருந்த அச்சுக்கடையிலேயே சேர்த்துவிட்டேன். "இதுவும் சரிப்படலன்னா அப்பாவ வரச் சொல்லிருவேன். ஊரோட போயிருதேன்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை. அன்று அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை.

நான் காய்ச்சலில் படுத்திருந்த நாளில் ஓட்டல்காரர் ஒருவர் வரவேற்பறைக்குப் படம் கேட்டிருக்கிறார். முதலாளி மதினியிடம், "கெட்டிடமெல்லாம் வெள்ளத்தில் காணணும், மனசிலாயோ?" என்றாராம். புரிந்தாலும் புரியாவிட்டாலும் மதினிக்குத் தெரிந்த ஒரே பதில் "மனசிலாயி." அதைச் சொல்லிவிட்டாள்.

நான் கடைக்குத் திரும்பியபோது படம் அச்சாகி மேசைமேல் இருந்தது. ஓட்டல்காரர் வரும் நேரம். "என்ன மதினி, எல்லாம் இடிஞ்சு கிடக்கு?"

"வெள்ளத்துல மூழ்குன ஊருன்னாங்க. அதை அப்படியே வரைஞ்சா பாக்கச் சகிக்காது. அதான் துண்டு துண்டா மிதக்க விட்டேன்."

"ஐயோ மதினி, இவிடே வெள்ளம்னா வெறும் தண்ணி! தண்ணியில நிழல் தெரியணும்னு சொல்லியிருக்காரு!" வீட்டில் தமிழ் பேசுகிற எங்கள் அம்மா தண்ணி என்றே புழங்கியதால் வந்த வினை. ஊருக்குக் கிளம்புகிறவளைப்போல மதினி கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஓட்டல்காரர் வந்தார். படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார். முதலாளியின் முகம் வெளிறிக்கொண்டே போனது. கடைசியில் ஓட்டல்காரர் சொன்னார்: "இது நம்மட காயல் தன்னே! போட்டு போயிக் கழிஞ்ஞால் வெள்ளத்தில் இங்ஙனெயல்லே காணுன்னது?"

படகு கடந்ததும் அலையில் கட்டடங்களின் நிழல் உடைந்து ஆடுமே, அதைத்தான் சொல்கிறார். தினம் படகுத்துறையில் நின்று நானும் பார்த்ததுதான். இன்னும் இரண்டு படம் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மதினி என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தாள், கண்ணிலும் நீர் வந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் டெலிபோன் பூத்தில் நுழைந்தாள். ஞாயிற்றுக்கிழமை வரும்படி தன் அப்பாவிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். கண்ணாடிக் கதவு சரியாகச் சாத்தாததால் பேச்சு வெளியே கேட்டது.

"வாங்கப்பா, வராம இருக்காதீங்க" என்றாள். "கூட்டிட்டுப் போக இல்ல. சும்மா, என்னைப் பாத்துட்டுப் போக வாங்க."